வீட்டுக்குப் பின்னால் தனிப் பட்டறை: எதை முதலில் செய்வது?

ஆலை ஃபிட்டர் | ஹூத்தான் மெலிந்தாங், பேராக், மலேசியா

வணக்கம். செம்பனை ஆலையில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்து போன மாதம் ஓய்வு பெற்றேன். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் இருக்கிறது. அப்பா தென்னந்தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் சீட்டுப் போட்டு வாங்கிய நிலம். மூன்று பக்கமும் செம்பனை, ஒரு பக்கம் பெரிய பாரிட் (வடிகால்).

அதில் 20 அடிக்கு 30 அடி பட்டறை ஒன்று கட்ட வேண்டும், வீட்டோடு ஒட்டாமல் தனியாக. பாதியில் காடி (கார்) நிற்கும். மீதிப் பாதியில் என் மூன்று பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிள்கள், அப்பாவின் தச்சுச் சாமான்கள், இரண்டு குதிரைத்திறன் கம்ப்ரசர், வெல்டிங் மெஷின், நிற்கும் டிரில். பிறகு சின்ன லேத் ஒன்று வாங்க ஆசை. சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் கோயில் வேலைகளையும் மழைக்குப் பயப்படாமல் அங்கேயே செய்யலாம்.

கையில் 45,000 வெள்ளி (ரிங்கிட்). பார்க்க வந்த குத்தகைக்காரர், இரண்டு அடி மண் கொட்டி மேடாக்கி, அடுத்த வாரமே சிமெண்ட் தரை போட்டு, நான்கு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி இரண்டு மாதத்தில் சாவி தருவதாகச் சொல்கிறார். வீட்டுக்காரிக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை. எனக்கும் மனது ஒப்பவில்லை, ஆனால் எங்கே தவறு என்று சொல்லத் தெரியவில்லை. கட்டியவர்கள் சொல்லுங்கள்.

பாகான் தச்சன்

அண்ணே, வீட்டுக்கார அக்கா சொல்வதுதான் சரி. அடுத்த வாரம் தரை போடாதீர்கள்.

நம் பக்கத்து மண் கடல் களிமண். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும். மூன்றடி தோண்டினால் சாம்பல் நிறத்தில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். 1885-இல் கட்டியது, உச்சியில் தண்ணீர்த் தொட்டி. அடியில் இருந்த மண் மெத்தென்று இருந்ததால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உங்கள் நிலமும் அதே மாதிரி மெத்தென்ற மண்ணில்தான் இருக்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். 600 சதுர அடியில் இரண்டு அடி மண் என்றால் 1,200 கன அடி. இறுகிய மண்ணாக அது கிட்டத்தட்ட 60 டன். ஐந்து அங்குலத் தரை 17 டன். பத்தடி உயரச் செங்கல் சுவர், கதவு ஜன்னல் போக, சுமார் 20 டன். உங்கள் காடி ஒரு டன்னுக்குச் சற்று மேல். காடியின் பாரத்தை நினைத்துத்தான் எல்லோரும் தரையைத் தடிமனாகப் போடுகிறோம். உண்மையில் நிலத்தை அமுக்கப் போவது நாம் கொட்டும் மண். அது கொட்டிய நாளிலிருந்து களிமண்ணில் உள்ள தண்ணீரைப் பிழிந்து மெதுவாக இறங்கும். இறங்கி முடியும் முன்னால் தரை போட்டால் தரையும் கூடவே இறங்கும். அதுவும் சமமாக இறங்காது, பாரிட் பக்கம் அதிகமாக இறங்கும்.

என் வீட்டிலேயே நடந்தது. சமையலறையைப் பின்னால் நீட்டினோம். புது மண், அடுத்த வாரமே தரை, பழைய வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். எட்டு மாதத்தில் மூலையில் விரிசல். ஒன்றரை வருடத்தில் அந்த விரிசலில் என் உள்ளங்கை பக்கவாட்டில் நுழைந்தது. மழைக்காலத்தில் அது வழியாக மரவட்டை வரும். சிமெண்ட் பூசிப் பூசிப் பார்த்தேன், பூசியதும் சேர்ந்து பிளந்தது. கடைசியில் இடித்தோம். அந்தப் பணத்துக்கு உங்கள் பட்டறையில் பாதி கட்டியிருக்கலாம்.

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். வீட்டிலிருந்து தனியாகவே இருக்கட்டும், நடைபாதைக் கூரைகூட இரண்டையும் இணைக்க வேண்டாம். மண்ணை இப்போதே கொட்டுங்கள், பட்டறை அளவுக்கு வெளியே சுற்றிலும் இரண்டு மூன்று அடி அதிகமாக. ஆறு ஆறு அங்குலமாகக் கொட்டி ஒவ்வொரு அடுக்கையும் கம்பெக்டர் (மண் இறுக்கும் மெஷின்) வைத்து அடிக்க வேண்டும், மொத்தமாகக் கொட்டி லாரியால் மிதிக்கக் கூடாது. பிறகு ஆண்டுக் கடைசி மழை முழுவதும் அதன் மேல் பெய்யட்டும்.

இறங்குகிறதா என்று பார்க்கப் பொறியாளர் தேவையில்லை. நான்கு மூலையிலும் ஒரு இரும்புக் கம்பியை மண்ணோடு மண்ணாக நட்டு வையுங்கள். வீட்டுத் தூணில் ஒரு கோடு கிழியுங்கள். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயால் மாதம் ஒருமுறை மட்டம் பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து எண் மாறாவிட்டால் தரையைப் பற்றி யோசிக்கலாம்.

கிளுவாங் தம்பி

எங்கள் பக்கம் செம்மண். அப்பா அப்படியே வெட்டி மட்டம் செய்து அடுத்த வாரமே தரை போட்டார், பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை. மண் பொறுத்துத்தான் போலிருக்கிறது. ஒரு கேள்வி: பகாவ் மரத்தை (சதுப்புநில மரக் கம்பம்) நிலத்துக்குள் அடித்தால் காத்திருக்க வேண்டாம் என்கிறார்களே?

பாகான் தச்சன்

தம்பி, பகாவ் நல்லதுதான், எங்கே என்பது முக்கியம். நிலத்தடித் தண்ணீருக்குக் கீழே எப்போதும் நனைந்தே இருக்கும் பகாவ் மரம் உளுத்துப் போகாது. தலை தண்ணீருக்கு மேலே வந்து நனைந்து காய்ந்தால் மக்கும், கறையானும் ஏறும். பாரிட்டில் தண்ணீர் இறங்கும் மாதத்தில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து அதற்கும் கீழே தலையை வெட்ட வேண்டும். அப்புறம், வழக்கமாகக் கிடைப்பது இருபது அடி மரம். நம் பக்கம் களிமண் அதைவிட ஆழமாகப் போகும் இடங்கள் உண்டு. அங்கே மரம் கெட்டித் தரையைத் தொடாமல், பக்கவாட்டு உராய்வில்தான் நிற்கும். அதனால் தூண்களுக்குக் கீழே அடிக்கலாம். கொட்டிய மண்ணின் பாரத்துக்கு அது மருந்தாகாது. மேல் பாரத்தைக் குறைப்பதுதான் மலிவான வழி.

கெரான் அக்கா

மண்ணுக்கு முன்னால் ஒரு தாள் இருக்கிறது. அண்ணன் கெரானை, அதாவது நிலப் பட்டாவை, எடுத்துப் பாருங்கள். அதில் நிலப் பயன்பாட்டு வகை என்று ஒரு வரி இருக்கும்: பெர்தானியான் (விவசாயம்), பங்குனான் (கட்டடம்), இண்டஸ்திரி (தொழில்), பெரும்பாலும் மூன்றில் ஒன்று. அதற்குக் கீழே சியாரத் ஞாத்தா, அதாவது வெளிப்படையான நிபந்தனை. இந்த இரண்டு வரியையும் படிக்காமல் குத்தகைக்காரரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பெர்தானியான் என்று இருந்தால் நில உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கும் விவசாய வேலைக்கான கட்டடத்துக்கும் நிலச் சட்டத்தில் இடமுண்டு. சொந்தக் காடியும் சொந்தச் சாமானும் வைக்கும் கொட்டகை வேறு, ஊரார் மோட்டார் சைக்கிளைக் காசுக்குப் பழுதுபார்க்கும் பட்டறை வேறு. இரண்டாவதற்கு வியாபார லைசென்ஸ் வேண்டும், நில வகையும் ஒத்துவர வேண்டும். வகையை மாற்ற தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆவது பிரிவில் விண்ணப்பிக்கலாம், பிரிமியம் என்ற கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். நிபந்தனையை மீறினால் நிலத்தையே அரசு திரும்ப எடுத்துக்கொள்ளவும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது. பயமுறுத்த எழுதவில்லை. தோட்டத்தில் உழைத்து வாங்கிய நிலம், ஒரு தாளைப் படிக்காததால் சிக்கலில் மாட்டக் கூடாது.

அடுத்தது கட்டட வரைபடம். 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 133-இன் 70-ஆவது பிரிவுப்படி, புதுக் கட்டடம் எழுப்பும் முன்னால் ஊராட்சி மன்றத்துக்கு வரைபடம் போக வேண்டும். "கம்பத்து (கிராமத்து) உள்ளே யார் பார்க்கிறார்கள்" என்று சொல்பவர்கள் பிறகு துணைக்கு வருவதில்லை. கெரான் நகலோடு மன்றத்தின் கட்டடப் பிரிவுக் கவுண்டருக்கு ஒரு காலை நேரம் போய், இந்த அளவு, இந்த உபயோகம், என்ன தாள் வேண்டும் என்று நேரடியாகக் கேளுங்கள். சின்னக் கட்டடத்துக்குப் பதிவு பெற்ற வரைவாளர் போதுமா, பொறியாளர் கையெழுத்து வேண்டுமா என்று அவர்களே சொல்வார்கள்.

பாரிட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். பாரிட் சுத்தம் செய்ய இயந்திரம் வரும் பாதை அது.

ஆலை ஃபிட்டர்

கெரானை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன் அக்கா. பெர்தானியான். நிபந்தனையில் தென்னை என்று இருக்கிறது. இத்தனை வருடம் நிலவரி கட்டியும் அந்த வரியை நான் படித்ததில்லை. காசுக்கு வேலை செய்யும் எண்ணம் இல்லை, அதையும் கவுண்டரில் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை போகிறேன்.

குத்தகைக்காரரிடம் காத்திருக்கச் சொன்னேன். விலை ஏறும் என்கிறார்.

வயர்மேன் மாமா

விலை ஏறினால் ஏறட்டும் தம்பி. காத்திருக்கும் மாதங்களில் மின்சாரத்தை யோசியுங்கள். மண் கொட்டும்போதே குழாய் புதைக்கலாம், தரை போட்ட பிறகு உடைக்க வேண்டிவரும்.

மீட்டர் பெட்டியிலிருந்து பட்டறை எத்தனை அடி? பின்னால் என்கிறீர்கள், 40 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். பலர் வீட்டுப் பிளக் வயரையே, அந்த 2.5 மில்லி (சதுர மில்லிமீட்டர்) வயரையே, இழுத்துக்கொண்டு போவார்கள். அதில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒவ்வொரு ஆம்பியருக்கும் 18 மில்லிவோல்ட் குறையும். இரண்டு குதிரைத்திறன் கம்ப்ரசர் ஓடும்போது 11 ஆம்பியர் வாங்கும், அப்போது 8 வோல்ட்தான் குறையும். பிரச்சினை ஸ்டார்ட் ஆகும் நொடியில். மோட்டார் அப்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும், 60 ஆம்பியர் என்று வையுங்கள். 40 மீட்டரில் 43 வோல்ட் காணாமல் போகும். 230 வோல்ட்டில் 187 மிச்சம். மோட்டார் திரும்பாமல் முனகும், சூடாகும், கெப்பாசிட்டர் போகும். கம்ப்ரசர் கெட்டுவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுவோம். குற்றம் வயரில் இருக்கும்.

10 மில்லி வயர் போட்டால் அதே 60 ஆம்பியருக்கு 10, 11 வோல்ட்தான் குறையும். விலை அதிகம்தான். ஆனால் சுவரை அடுத்த வருடம் கட்டலாம், மண்ணுக்குள் போகும் வயரை ஒருமுறைதான் போடுவோம். கவசம் போட்ட கேபிளாக இரண்டடி ஆழத்தில், மேலே எச்சரிக்கை நாடா விரித்துப் புதையுங்கள். பக்கத்திலேயே ஒரு வெறும் குழாயும் போடுங்கள், உள்ளே நைலான் கயிறு விட்டு. நாளைக்கு லேத்துக்கு மூன்று ஃபேஸ் வேண்டும் என்றால் அந்தக் கயிறு உங்களைக் காப்பாற்றும்.

பட்டறைக்குள் தனி டிபி (மின்பகிர்வு) பெட்டி, தனி மெயின் சுவிட்ச். பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). விளக்குக்கு வேறு சர்க்யூட். இதை நான் ஒவ்வொரு வீட்டிலும் வற்புறுத்துகிறேன். வெட்டும் மெஷின் ஓடும்போது டிரிப் ஆகி விளக்கும் அணைந்தால், சுழலும் பிளேடு நிற்கும் வரை இருட்டில் அதன் பக்கத்தில் நிற்பீர்கள். பழைய சோக் வைத்த டியூப் விளக்கையும் லேத் மேலே மாட்டாதீர்கள். அது வினாடிக்கு நூறு முறை துடிக்கும், சில வேகங்களில் சுற்றுகிற சக் (பொருளைப் பிடிக்கும் தலை) நின்றுவிட்டது போலக் கண்ணுக்குத் தெரியும். கை நீட்டியவர்களை எனக்குத் தெரியும்.

எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள், சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

லயத்துப் பிள்ளை

நான் செங்கல் சுவர் பக்கம் பேசுகிறேன், கோபப்பட வேண்டாம். தகரச் சுவர் என்றால் ஒரு கத்தரிக்கோல் போதும், திருடன் உள்ளே வருவான். எங்கள் பக்கத்தில் இரண்டு கம்ப்ரசர் அப்படிப் போனது. வெயிலில் தகரக் கொட்டகைக்குள் மனிதன் நிற்கவும் முடியாது.

பாகான் தச்சன்

கோபம் என்ன தம்பி, நியாயமான பேச்சு. நடுவில் ஒரு வழி இருக்கிறது. மூன்றடி வரை செங்கல். மண்ணும் தண்ணீரும் தெறிப்பது, காடி இடிப்பது எல்லாம் அந்த உயரத்தில்தான். அதற்கு மேல் இரும்புச் சட்டமும் தகரமும். இருபது டன் ஏழெட்டு டன்னாகிவிடும். விலையுள்ள சாமானுக்கு உள்ளேயே ஒரு மூலையில் இரும்புக் கூண்டு அடித்து, தரையில் போல்ட் போடுங்கள். கட்டடம் முழுவதையும் கோட்டையாக்குவதைவிட ஆறடிக்கு ஆறடியைக் கோட்டையாக்குவது லேசு.

வெயிலுக்குச் சுவரைவிடக் கூரைதான் காரணம். தகரத்துக்குக் கீழே ஒரு அங்குலமாவது காற்று இடைவெளி விட்டு அலுமினியப் படலம் விரியுங்கள். படலத்தைத் தகரத்தோடு ஒட்டிவிட்டால் பிரயோசனம் இல்லை. கூரை முகட்டில் சூடு வெளியேற வழி வேண்டும், சுவரின் மேல் ஓரத்தில் சுற்றிலும் ஒரு அடிக்குக் கம்பி வலை. நீளப் பக்கம் இரண்டும் வடக்கும் தெற்கும் பார்த்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குட்டைச் சுவரில் மட்டும் விழும்.

மறக்காதீர்கள், சுமத்ரா காற்று. விடியற்காலை நாலு ஐந்து மணிக்குக் கடலிலிருந்து திடீரென்று அடிக்குமே, அது. முன்னால் ரோலர் ஷட்டர் திறந்திருக்கும் கொட்டகைக்குள் புகுந்தால் கூரையைக் கீழிருந்து தூக்கும். லேசான கட்டடத்துக்கு இந்த ஆபத்து அதிகம். அதனால் தூண் அடித்தளத்திலும், உத்தரம் தூணிலும், தகரம் உத்தரத்திலும் போல்ட்டால் இறுகியிருக்க வேண்டும். ஆணி போதாது. வாசலை மேற்குப் பக்கம் வைக்காதீர்கள்.

சபாக் பெர்ணம் அக்கா

கூரைத் தண்ணீரை யாரும் சொல்லவில்லையே. 600 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,800 லிட்டர். நம் ஊரில் அது ஒரு சாயங்கால மழை. பீலி (கூரை ஓரத் தண்ணீர்க் குழாய்) இல்லாமல் விட்டால் அத்தனையும் புது மேட்டின் ஓரத்தில் விழுந்து மண்ணை அரிக்கும். பீலியும், இரண்டு தொட்டியும், மிச்சத் தண்ணீர் பாரிட்டுக்குப் போக சிமெண்ட் வாய்க்காலும் முதல் நாள் கணக்கிலேயே இருக்கட்டும்.

பழைய எஞ்சின் எண்ணெயை அந்த வாய்க்காலில் ஊற்ற வேண்டாம் அண்ணே. அது சட்டப்படியே அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தானது என்று பட்டியலிட்ட கழிவு. டின்னில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுக்கும் உரிமம் உள்ளவர்கள் வந்துபோகும் காடிப் பட்டறையில் கொடுங்கள். பாரிட்டில் இன்னும் பிள்ளைகள் தூண்டில் போடுகிறார்கள்.

வலை அடிக்கும்போது எலி நுழையாத கண் பார்த்து அடியுங்கள். எலி வந்தால் பின்னாலேயே செம்பனைக்குள்ளிருந்து நாகம் வரும். ஷட்டருக்குக் கீழே ரப்பர் பட்டை கட்டாயம்.

ஆலை ஃபிட்டர்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மன்றத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக எழுதிக் கொடுத்தாள். வரைவாளர் ஒருவரைப் பார்த்துவிட்டேன், அவர் கெரான் நகலையும் பாரிட் தூரத்தையும் கேட்டார்.

நேற்று மகனோடு சேர்ந்து நாலு குச்சி நட்டு, மீன்பிடிக்கிற கயிறு கட்டி, 20க்கு 30 அடியை நிலத்தில் உண்மையாகவே போட்டுப் பார்த்தேன். காடியை உள்ளே ஓட்டி நான்கு கதவையும் திறந்தேன். வெல்டிங் மேசைக்குப் பதிலாகச் சமையல் மேசை, லேத்துக்குப் பதிலாக அரிசி மூட்டை. காகிதத்தில் தாராளமாக இருந்த இடம் கயிற்றுக்குள் இல்லை. கதவு திறந்தால் என் முதுகு டிரில்லில் இடிக்கும். எட்டடி இரும்புக் குழாயைத் திருப்பவே முடியவில்லை. மகன் சொன்னான், "அப்பா, காடி எதுக்கு உள்ளே? அதுக்குத்தான் வீட்டில் போர்ச் இருக்கே." அவன் சொன்னது சரி. காடி வெளியே. 600 சதுர அடியும் வேலைக்கு. காடி உள்ளே வராததால் ரோலர் ஷட்டரையும் பத்தடியிலிருந்து ஏழடியாகக் குறைத்தேன்.

சாயங்காலம் மழை. கயிறு அப்படியே இருந்தது. குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பாரிட் பக்கத்து மூலையில் கணுக்கால் வரை தண்ணீர், மற்ற மூன்று மூலையும் ஈரம் மட்டும். முப்பது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன், அந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. பின்பக்கம் எப்போதும் புல்தானே. குச்சிகளைப் பிடுங்கி வீட்டுப் பக்கமாகப் பதினைந்து அடி தள்ளி நட்டேன். கேபிளும் அந்த அளவுக்குக் குறையும்.

வீட்டுக்காரியோடு உட்கார்ந்து பணத்தைப் பிரித்துவிட்டோம். இந்த வருடம் மண், வடிகால், கேபிள் குழாய், வரைபடச் செலவு. இரண்டு அடி வேண்டாம், தண்ணீர் நிற்காத இடம் என்பதால் ஒரு அடி மேடு போதும் என்று வரைவாளர் சொல்கிறார். அடுத்த வருடம் தரையும் கூரையும். சுவர் அதற்குப் பிறகு, பணம் இருக்கிற அளவுக்கு. குத்தகைக்காரர் இப்படித் துண்டு துண்டாகச் செய்ய மாட்டாராம். வேறு ஆள் பார்க்கிறேன்.

வயர்மேன் மாமா

பதினைந்து அடி குறைந்தாலும் 10 மில்லியே போடுங்கள் தம்பி. குறைக்காதீர்கள்.

பாகான் தச்சன்

ஒரு அடி மண் என்றால் முப்பது டன் குறைந்தது அண்ணே. கம்பி நட்ட அன்றைக்கு முதல் மட்டத்தை இங்கேயும் எழுதி வையுங்கள், நோட்டு தொலைந்தாலும் இங்கே இருக்கும்.

அப்பாவின் தச்சுச் சாமான் என்றீர்களே, இப்போது எங்கே இருக்கிறது?

ஆலை ஃபிட்டர்

கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டியில். இழைப்புளி இரண்டு, உளி ஒன்பது, செங்கால் மரத்தில் அவரே செய்த மூலைமட்டம் ஒன்று. உளியில் துரு ஏறியிருக்கிறது. மூலைமட்டத்தை நேற்று கயிற்றின் மூலைகளில் வைத்துப் பார்த்தேன், இன்னும் சரியாகத்தான் இருக்கிறது.

பாகான் தச்சன்

உளியை மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்து நார் வைத்துத் தேயுங்கள், உப்புத்தாள் போடாதீர்கள். பட்டறை வந்த பிறகு சாமான் அலமாரிக்குள் ஒரு சின்ன குண்டு பல்பு எப்போதும் எரியட்டும். அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. மண் லாரி வரும் நாளைச் சொல்லுங்கள், கம்பெக்டரோடு நான் வருகிறேன்.

ஆலை ஃபிட்டர்

தைப்பூசம் முடிந்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன் அண்ணே. மழையும் ஓய்ந்திருக்கும். சாப்பாடு எங்கள் வீட்டில்.